ஆர்டர் ஃபாலோ-அப்புக்குக் கோடிங் தேவையில்லாத கூட்டு ஆவணக் கருவி: எங்கள் மெர்ச்சண்டைசிங் அணிக்கு எது சரிவரும்?

பின்னலாடை (இந்த உரையாடலைத் தொடங்கியவர்)

வணக்கம். திருப்பூரில் நடுத்தர அளவிலான ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசிங் பிரிவை, அதாவது பையரின் ஆர்டரை ஏற்றுமதி வரை பின்தொடர்ந்து நடத்தும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மெர்ச்சண்டைசர்கள், துணி ஃபாலோ-அப்புக்கு இரண்டு பேர், சாம்பிள் பிரிவில் ஒருவர், அப்புறம் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் சூப்பர்வைசர்கள். மொத்தம் பதினைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க எல்லோரும் தேடுவது ஒரே விஷயத்தைத்தான்: எந்த ஸ்டைல் இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

டி அண்ட் ஏ அட்டவணை (எந்த வேலை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும் என்ற பட்டியல்) கூகுள் ஷீட்டில் இருக்கிறது, ஒவ்வொரு பையருக்கும் ஒன்று. லேப் டிப் (கலருக்காகச் சாயமேற்றி அனுப்பும் மாதிரித் துணி) அப்ரூவல் மெயிலில் வருகிறது. டெக் பேக் (ஆடையின் அளவு, தையல் விவரக் கோப்பு) டிரைவ் ஃபோல்டரில் கிடக்கிறது. டையிங் எப்போது முடியும் என்பது வாட்ஸ்அப்பில். திங்கட்கிழமை புரொடக்‌ஷன் மீட்டிங்கில் முடிவானது ஆளாளுக்கு அவரவர் நோட்டில். பையர் பிரிண்ட் அளவை மாற்றியது ஒருவருக்குத் தெரிந்திருக்கும், பிரிண்டிங் யூனிட் கையில் பழைய ஆர்ட்வொர்க்கே இருக்கும். இது எங்கள் தொழிலில் இருக்கும் யாருக்கும் புதிதல்ல.

ஸ்டாக், பில் எல்லாம் ஈஆர்பி மென்பொருளில் இருக்கிறது, அதைத் தொடப்போவதில்லை. எங்களிடம் புரோகிராமர் இல்லை. நோஷன், கோடா, ஏர்டேபிள், ஜோஹோ கிரியேட்டர் நான்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்.


நீலாம்பூர்

சிறு நிறுவனங்களுக்கு இந்த மாதிரிக் கருவிகளை அமைத்துத் தருவதுதான் என் வேலை. கருவியைப் பேசுமுன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு தேதியும் யாரிடம் முதலில் தெரியவருகிறது? டையிங் முடிந்த தேதி, யூனிட்டுக்கு நேரில் போகிற உங்கள் துணி ஃபாலோ-அப் ஆளுக்கு முதலில் தெரியும். பி.பி. சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய கடைசி மாதிரி) அப்ரூவல் மெர்ச்சண்டைசருக்கு. கட்டிங் தொடங்கியது சூப்பர்வைசருக்கு. அந்த ஆளே அந்த இடத்திலிருந்தே ஒரு தடவை எழுத, மற்ற எல்லோரும் அதை அங்கிருந்தே பார்க்க வேண்டும். இதற்கு வழிவிடும் கருவி எதுவோ அதுதான் உங்களுக்கு. மற்ற வசதிகள் எல்லாம் பிறகு.

இரண்டாவது, வரிசைகளின் எண்ணிக்கை. ஓர் ஆர்டரில் 6 ஸ்டைல், ஸ்டைலுக்கு 4 கலர் என்றால் 24. ஒவ்வொன்றுக்கும் நூல் வாங்குவதிலிருந்து எக்ஸ்-ஃபேக்டரி (சரக்கு ஃபேக்டரியை விட்டுக் கிளம்புவது) வரை 20 கட்டங்கள் என்றால் 480 வரிசைகள். ஏர்டேபிள் இலவசத் திட்டத்தில் ஒரு பேஸுக்கு 1,000 ரெக்கார்டுதான். இரண்டு ஆர்டரிலேயே முடிந்துவிடும். 'டீம்' திட்டத்தில் 50,000. கோடாவின் இலவசத் திட்டத்திலும் பகிர்ந்த ஆவணத்துக்கு 1,000 வரிசை எல்லை உண்டு. நோஷன் இலவசத் திட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்தால் 1,000 பிளாக்கில் (ஒரு பத்தி, ஒரு படம் போன்ற துண்டு ஒவ்வொன்றும் ஒரு பிளாக்) நின்றுவிடும். ஆக, 'இலவசத்தில் தொடங்கிப் பார்ப்போம்' என்று முழு சீசனையும் அதில் ஏற்ற முடியாது. ஓர் ஆர்டரை வைத்துப் பழகிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

ஒரே நேரத்தில் எத்தனை ஆர்டர் ஓடுகிறது?


ஷீட் போதும்

நான் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கூகுள் ஷீட்டில் 1 கோடி செல் வரை போகலாம். ஒரு செல்லை யார் எப்போது மாற்றினார் என்று ரைட் கிளிக்கில் பார்த்துவிடலாம். ஒருவர் ஃபில்டர் போட்டால் அடுத்தவருக்குப் பார்வை மாறாமல் இருக்க ஃபில்டர் வியூ இருக்கிறது. பையருக்கு ஒரு ஷீட் என்று பிரித்துவைத்ததுதான் உங்கள் சிக்கல். எல்லாவற்றையும் ஒரே ஷீட்டில் கொண்டுவந்து, பையர் என்று ஒரு நெடுவரிசை போட்டுவிட்டால் பாதி வேலை தீர்ந்தது. புதுக் கருவியை வாங்குமுன் இதைச் செய்யுங்கள். பதினைந்து பேருக்கும் ஏற்கெனவே பழக்கம் என்பது சாதாரண லாபம் இல்லை.


பின்னலாடை

நீலாம்பூர் கேட்டதற்கு: சீசன் உச்சத்தில் பதினைந்து ஆர்டர் வரை ஒன்றாக ஓடும். உங்கள் கணக்குப்படியே போட்டால் 7,200 வரிசைகள். நான் இப்படி எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஷீட் போதும் சொன்னதை ஏற்கிறேன், ஒரே ஷீட்டாக்குவது நல்ல யோசனை. ஆனால் எக்ஸ்-ஃபேக்டரி தேதியைப் பையர் ஒரு வாரம் முன்னே இழுத்தால் அதற்கு முன்னால் இருக்கும் கட்டங்கள் எல்லாம் நகர வேண்டும். ஸ்டைலைப் பற்றிய பையர் கமெண்ட், ஆர்ட்வொர்க், மீட்டிங்கில் எடுத்த முடிவு மூன்றும் அந்த ஸ்டைல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஷீட்டின் செல்லுக்குள் இதை எப்படி வைப்பது?


நீலாம்பூர்

7,200 வரிசைக்கு நீங்கள் இப்போது செய்வதுபோல் நெடுவரிசைகளாக நீட்டிக்கொண்டே போகாமல் நான்கு அட்டவணையாகப் பிரிக்க வேண்டும்: ஆர்டர், ஸ்டைல்-கலர், கட்டங்கள், ஜாப் ஒர்க் டிசி (வெளி யூனிட்டுக்கு வேலைக்கு அனுப்பும் சரக்கின் டெலிவரி சலான்). கட்டம் ஒவ்வொன்றும் ஒரு ஸ்டைல்-கலரோடு இணைந்திருக்கும், ஸ்டைல்-கலர் ஒவ்வொன்றும் ஓர் ஆர்டரோடு இணைந்திருக்கும். இந்த இணைப்புதான் ஷீட்டில் இயல்பாக இல்லாதது. விலுக்அப் ஃபார்முலா போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் யாராவது ஸ்டைல் நம்பரில் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் இணைப்பு அறுந்துவிடும், அறுந்தது யாருக்கும் தெரியாது.

எந்தக் கருவியானாலும் ஒன்றைத் தவறவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தேதிக்கு மூன்று நெடுவரிசை வேண்டும்: திட்டமிட்டது, திருத்தியது, நடந்தது. திட்டமிட்ட தேதியை எக்ஸ்-ஃபேக்டரியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆர்டர் உறுதியான அன்றே பூட்டிவிடுங்கள். பெரும்பாலான டி அண்ட் ஏ ஷீட்டுகளில் ஒரே தேதியைத்தான் திரும்பத் திரும்ப அழித்து எழுதுகிறார்கள். சீசன் முடிவில் எல்லாம் சரியான நேரத்தில் நடந்ததாகத் தெரியும். எந்த டையிங் யூனிட் ஒவ்வொரு முறையும் ஐந்து நாள் தள்ளுகிறது என்பது தெரியவே தெரியாது. அடுத்த சீசனுக்கு உங்களுக்கு வேண்டியது அந்தத் தகவல்தான்.

இனி கருவிகள். ஏர்டேபிள் அடிப்படையில் அட்டவணைக் கருவி. இணைப்பு, படிவம், காலண்டர் எல்லாம் உறுதியாக இருக்கும். நீளமாக எழுத வேண்டிய விஷயத்துக்கு அது வசதியான இடம் இல்லை. நோஷன் நேரெதிர்: பக்கங்களாகத் தொடங்கி, 2018-இல்தான் அட்டவணைகள் சேர்ந்தன. அதன் அட்டவணையில் ஒவ்வொரு வரிசையும் ஒரு முழுப் பக்கம். ஸ்டைலைத் திறந்தால் உள்ளே பையர் கமெண்ட், அளவு அட்டவணை, ஆர்ட்வொர்க் எல்லாம் வரிசையாக இருக்கும். நீங்கள் கேட்டது இதற்குப் பக்கத்தில் வருகிறது. தேதிகளை நகர்த்தும் கணக்கு, நிபந்தனை வைத்த பட்டன் என்று போனால் கோடா கை கொடுக்கும். கோடாவில் ஒரே அட்டவணையை வெவ்வேறு பக்கத்தில் வெவ்வேறு பார்வையாக வைக்கலாம். திங்கட்கிழமை மீட்டிங் பக்கத்தில் 'இந்த வாரம் தள்ளிப்போனவை' மட்டும் வரும், அதற்குக் கீழேயே முடிவை எழுதலாம். அங்கே தேதியை மாற்றினால் மூல அட்டவணையிலும் மாறும். அணிக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல அமைப்பை நான் பார்த்ததில்லை.

ஜோஹோ கிரியேட்டர் ஆவணக் கருவி அல்ல, செயலி உருவாக்கும் தளம். 2006-இலிருந்து இருக்கிறது. படிவம், அனுமதி, மொபைல் செயலி எல்லாம் நன்றாக அமையும். ஆனால் கொஞ்சம் சிக்கலான நிபந்தனை வந்ததும் அவர்களுடைய டெலூஜ் மொழியில் எழுத வேண்டியிருக்கும். அணியில் அதைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் ஒருவர் இருந்தால் தாராளமாகப் போகலாம்.


கணக்குப்பிள்ளை

காசு விஷயம் யாரும் பேசவில்லை. இவை 2025-இல் இருந்த விலைகள், வாங்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கட்டணமாகக் கட்டினால் ஏர்டேபிள் டீம் ஒருவருக்கு மாதம் 20 டாலர். பதினைந்து பேரும் திருத்த வேண்டும் என்றால் 300 டாலர். நோஷன் பிளஸ் ஒருவருக்கு 10 டாலர், ஆக 150. கோடாவின் கணக்கு வேறு: ஆவணத்தை உருவாக்குபவருக்கு மட்டும் கட்டணம், உள்ளே தரவைத் திருத்துபவருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு பேர் அமைப்பாளராக இருந்தால் புரோ திட்டத்தில் 20 டாலரோடு முடிந்தது. திருத்துபவர் அதிகம், அமைப்பவர் குறைவு என்ற உங்களைப் போன்ற அணிக்கு இது பெரிய வித்தியாசம்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும்போது உங்கள் ஜிஎஸ்டி பதிவு எண்ணை (ஜிஎஸ்டிஐஎன்) கொடுத்துவிடுங்கள். அவர்கள் வரி போட மாட்டார்கள், நீங்கள் ரிவர்ஸ் சார்ஜில் 18% கட்டி உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். கட்டாமல் விட்டால் ஆடிட்டில் கேட்பார்கள். ஜோஹோ ரூபாயிலேயே பில் கொடுக்கும், இந்தியாவிலேயே தரவு மையம் வைத்திருக்கிறது. அந்த வகையில் நிம்மதி.

இன்னொன்று. 2021 அக்டோபரிலிருந்து கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் விதிமுறை இருக்கிறது. 2022 ஜூனிலிருந்து 15,000 ரூபாய்க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். ஓடிபி முதலாளி போனுக்குப் போய், அவர் வெளியூரில் இருந்து, சந்தா நின்று, சீசன் நடுவில் ஆவணம் பூட்டிக்கொண்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை கட்டும் திட்டமாக எடுத்து, தேதியைக் காலண்டரில் போட்டுவையுங்கள்.

அப்புறம், டிசி அட்டவணையை எடுத்த எடுப்பிலேயே சேர்த்த நீலாம்பூருக்கு நன்றி. ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கணக்காகும். ஜாப் ஒர்க் சரக்கைப் பற்றி ஜிஎஸ்டியில் தாக்கல் செய்யும் ஐடிசி-04 படிவத்துக்கும் இதே விவரம்தான் தேவை. டிசி நம்பர், அனுப்பிய கிலோ, திரும்பிய கிலோ, லாட் நம்பர் நான்கும் ஓர் இடத்தில் இருந்தால் கணக்குப் பிரிவு உங்களை வாழ்த்தும்.


சாம்பிள் ரூம்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு யூனிட்டில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். எங்களிடம் இந்த மாதிரிக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கருவி என்பதைவிட, தளத்தில் இருப்பவர் கையில் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

கட்டிங் மாஸ்டருக்கும் செக்கிங் சூப்பர்வைசருக்கும் கம்பெனி மெயில் ஐடி கிடையாது. லாகின், பாஸ்வேர்ட், செயலியை அப்டேட் செய்யச் சொல்வது எல்லாம் அவர்களிடம் எடுபடாது. வேலை தெரியாதவர்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, கையில் துணியோடு நிற்பவரிடம் ஆறு திரை தாண்டச் சொல்வது நம் தப்பு. அவர்களுக்கு லாகின் கேட்காத படிவம் மட்டும் போதும். கூகுள் ஃபார்மிலும் ஏர்டேபிளிலும், சில விவரங்களை முன்பே நிரப்பிய இணைப்பை உருவாக்கலாம். ஸ்டைலும் கலரும் நிரப்பிய இணைப்பை க்யூஆர் ஆக அடித்துக் கட்டிங் ஷீட்டிலும் டிசியிலும் ஒட்டிவிடுவோம். அவர் போனைக் காட்டுவார், 'முடிந்தது' என்பதைத் தொடுவார், எண்ணிக்கையைப் போடுவார், அவ்வளவுதான். தேதியை அவர் எழுதவே தேவையில்லை, படிவம் வந்த நேரமே தேதி.

படிவத்தின் கேள்விகளைத் தமிழில் வையுங்கள். ஆனால் 'வெட்டுதல் நிறைவுற்றதா' என்று வைக்காதீர்கள். 'கட்டிங் முடிஞ்சுதா?' என்று தளத்தில் பேசுவதுபோலவே வையுங்கள்.

வாட்ஸ்அப்பை நிறுத்த முயற்சி செய்ய வேண்டாம். குரூப்பில் போட்டோ வரும், வரட்டும். பேச்சு அங்கே நடக்கலாம், முடிவு மட்டும் ஆவணத்தில் ஏற வேண்டும் என்று ஒரே விதி வைத்தோம். ஏற்றும் பொறுப்பு அந்த ஸ்டைலின் மெர்ச்சண்டைசருக்கு. திங்கட்கிழமை மீட்டிங்கில் திரையில் ஆவணத்தைத் திறந்து அதை மட்டுமே பார்ப்போம். அதில் இல்லாத எதையும் யாரும் சொல்ல முடியாது என்று எங்கள் ஜிஎம் உறுதியாக நின்றார். அந்த உறுதி இல்லாவிட்டால் எந்தக் கருவியும் இரண்டு மாதம்கூடத் தாங்காது.


திறமூலம்

எல்லோரும் ஏற்றுவதைப் பற்றிப் பேசுகிறீர்கள். வெளியே எடுப்பதைப் பற்றியும் பேசுவோம்.

கூகுள் வேவ் என்ற கூட்டு ஆவணக் கருவி 2009-இல் பெரிய எதிர்பார்ப்போடு அறிமுகமானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே அதை வளர்ப்பதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். 'குவிப்' என்ற இன்னொரு கூட்டு ஆவணக் கருவியை சேல்ஸ்ஃபோர்ஸ் 2016-இல் வாங்கியது. கோடாவை வாங்குவதாக கிராமர்லி 2024 டிசம்பரில் அறிவித்தது. கோடாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஷிஷிர் மெஹ்ரோத்ராவே கிராமர்லியின் தலைமைக்கு வந்தார். 2025 அக்டோபரில் கிராமர்லி நிறுவனத்தின் பெயரே சூப்பர்ஹ்யூமன் என்று மாறியது. கைமாறினால் கருவி மோசமாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விலையும் திசையும் உங்கள் கையில் இல்லை.

ஆகவே முதல் வாரத்திலேயே ஒரு சோதனை. பத்து வரிசையை ஏற்றுங்கள், இரண்டு அட்டவணையை இணையுங்கள், படம் சேருங்கள், கமெண்ட் போடுங்கள். பிறகு முழுவதையும் வெளியே எடுத்து, கருவி இல்லாமல் எக்செல்லில் திறந்து பாருங்கள். சிஎஸ்வியில் (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இணைப்பு நெடுவரிசை வெறும் எழுத்தாகிவிடும், பட்டன், பார்வை எதுவும் வராது. ஏர்டேபிள் சிஎஸ்வியில் படங்களுக்குப் பதில் இணைப்பு முகவரி வரும், அது சில மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். சிஎஸ்வியை எடுத்துவைத்தோம், படமும் பத்திரம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. மாதம் ஒருமுறை படங்களோடு தனியாக இறக்கிவைக்க ஒருவரை நியமியுங்கள்.

என் பரிந்துரை கிரிஸ்ட். திறமூல மென்பொருள், பிரெஞ்சு அரசுத் துறைகளிலேயே பயன்படுகிறது. முழு ஆவணமும் ஒரே எஸ்க்யூலைட் (தரவுத்தள) கோப்பு. அப்படியே இறக்கி வைத்துக்கொள்ளலாம், இணைப்புகளும் உள்ளேயே இருக்கும். வரிசைவாரியாக யார் எதைப் பார்க்கலாம் என்று விதி எழுதலாம். அட்டவணை மட்டும் போதும் என்றால் பேஸ்ரோவும் இருக்கிறது. இரண்டையும் சொந்த சர்வரில் வைக்கலாம்.


ஷீட் போதும்

சொந்த சர்வர் என்றால் அதைப் பராமரிப்பது யார்? அவர்களிடம் புரோகிராமர் இல்லை என்று முதல் பதிவிலேயே சொல்லிவிட்டார். பேக்கப் எடுத்தாயிற்றா, சர்டிஃபிகேட் முடிந்துவிட்டதா என்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில் சொந்த சர்வர் வைப்பது சந்தா கட்டுவதைவிட ஆபத்து. ஷிப்மெண்ட் வாரத்தில் அது நின்றால் யாரைக் கூப்பிடுவார்கள்?


திறமூலம்

நியாயமான கேள்வி. கிரிஸ்டை அவர்களுடைய தளத்திலேயே சந்தா கட்டியும் பயன்படுத்தலாம். கோப்பை இறக்கிக்கொள்ளும் வசதி அப்போதும் உண்டு. சர்வர் என்பது பிற்பாடு போக ஒரு வழி இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன். இன்றைக்கே அதைச் செய்யச் சொல்லவில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: திங்கட்கிழமை மீட்டிங் பக்கம்போல எழுத்தும் அட்டவணையும் கலந்த அமைப்பு கிரிஸ்டில் கோடா அளவுக்கு இயல்பாக வராது.


நீலாம்பூர்

அனுமதி பற்றித் திறமூலம் தொட்டதை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பல அணிகள் மாட்டிக்கொள்கின்றன.

மறைத்துவைப்பதும் பூட்டிவைப்பதும் ஒன்றல்ல. கோடாவில் ஒரு பக்கத்தை மறைத்தாலும், ஆவணத்துக்குள் வர அனுமதி உள்ளவர் அந்தத் தரவை எட்டிவிட முடியும். கூகுள் ஷீட்டில் மறைத்த தாளைத் திருத்தும் உரிமை உள்ள யாரும் திறந்துவிடலாம். பாதுகாத்த பகுதி என்பதும் திருத்துவதைத்தான் தடுக்கும், பார்ப்பதைத் தடுக்காது. ஆகவே எஃப்ஓபி விலை (கப்பலில் ஏற்றும் வரையான விலை), காஸ்டிங், பையரின் டார்கெட் விலை இவற்றை டி அண்ட் ஏ இருக்கும் ஆவணத்திலேயே வைக்காதீர்கள். வேறு ஆவணம், வேறு ஆட்கள். டையிங், பிரிண்டிங் யூனிட்காரர்களையும் உள்ளே சேர்க்க நினைத்தால் அவர்களுக்குப் படிவம் மட்டும் கொடுங்கள். ஒரு யூனிட்டின் கிலோ ரேட் இன்னொரு யூனிட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தொழிலாளர்களின் பெயர், போன் நம்பர் இருந்தால் அதுவும் தனியாக. மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. உங்களுக்குத் தேவை 'செக்கிங் லைன் 2' என்பதுதான், அங்கே நிற்பவரின் போன் நம்பர் இல்லை.


பின்னலாடை

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. அணியோடு உட்கார்ந்து பேசினோம். ஒரு பெரிய தாளில் இருபது கட்டங்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'முதலில் யாருக்குத் தெரியும்' என்று நிரப்பினோம். பதினோரு கட்டம் தளத்திலோ வெளி யூனிட்டிலோ இருப்பவருக்குத்தான் முதலில் தெரிகிறது. ஆனால் இன்றைக்கு எல்லாவற்றையும் மெர்ச்சண்டைசர்தான் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறார். அவர்களுடைய மாலை நேரம் எங்கே போகிறது என்று அப்போதுதான் முதலாளிக்கும் புரிந்தது.

எடுத்த முடிவு: மெர்ச்சண்டைசர்களுக்கும் திங்கட்கிழமை மீட்டிங்குக்கும் கோடா, அமைப்பாளர்கள் இரண்டே பேர். தளத்துக்கும் துணி ஃபாலோ-அப்புக்கும் க்யூஆரோடு படிவம். காஸ்டிங் இப்போது இருக்கும் எக்செல்லிலேயே தனியாக இருக்கும். ஒரு பையரின் ஓர் ஆர்டரை மட்டும் எடுத்து, நூல் வாங்குவதிலிருந்து தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் ஏறும் வரை இதில் ஓட்டப்போகிறோம். மாதக் கடைசியில் முழு ஆவணத்தையும் படங்களோடு இறக்கிவைக்கும் பொறுப்பு சாம்பிள் பிரிவுக்கு.

ஒரு சந்தேகம். துணி ஃபாலோ-அப் ஆட்கள் போகிற சில யூனிட்களில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை. படிவம் எப்படிப் போகும்?


நீலாம்பூர்

அந்த இரண்டு பேருக்கு மட்டும் ஆப்ஷீட்டைப் பாருங்கள். கூகுள் 2020-இல் வாங்கியது. ஒரு கூகுள் ஷீட்டை வைத்தே போன் செயலி செய்துவிடலாம், கோடிங் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் எழுதியதைப் போனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் ஏற்றிவிடும். கம்பெனிக்கு கூகுள் வொர்க்ஸ்பேஸ் சந்தா இருந்தால் பெரும்பாலான திட்டங்களில் ஆப்ஷீட் கோர் சேர்ந்தே வருகிறது. லாட் சீட்டைப் போட்டோ எடுத்து இணைப்பதும் எளிது.

இரண்டு கருவி ஆகிறதே என்று தோன்றலாம். ஷீட்டில் விழுகிற வரிசை கோடாவுக்குத் தானாகப் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு திசையில் மட்டும்: ஷீட்டிலிருந்து கோடாவுக்கு. இரண்டு பக்கமும் திருத்தலாம் என்று வைத்தால், எது சரி என்ற பழைய கேள்வி திரும்ப வந்துவிடும்.


சாம்பிள் ரூம்

சோதனைக்கு எடுக்கும் ஆர்டர் சுலபமானதாக இருக்க வேண்டாம். வெள்ளை டி-ஷர்ட், ஒரே கலர் என்றால் எந்த ஷீட்டிலும் ஓடும். ஆல் ஓவர் பிரிண்ட், இரண்டு தடவையாவது லேப் டிப் திரும்பும் கலர், பையர் கமெண்ட் நிறைய வரும் ஸ்டைல் ஒன்றை எடுங்கள். லேப் டிப்பில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு அனுப்பி எதுவும் அப்ரூவ் ஆகாமல் மறுபடி அனுப்பும்போது, ஒவ்வொரு சுற்றும் தனி வரிசையாக ஏற வேண்டும். ஒரே வரிசையில் அழித்து எழுதினால் எத்தனை சுற்று போனது என்ற விவரம் தொலைந்துவிடும். டையிங் தாமதமா, அப்ரூவல் தாமதமா என்று பையரிடம் பேசும்போது அந்த விவரம்தான் உங்களைக் காப்பாற்றும்.

முக்கியமான ஒன்று: சோதனை ஆர்டருக்குப் பழைய ஷீட்டை மூடிவிடுங்கள். இரண்டிலும் எழுதச் சொன்னால் இரண்டிலும் அரைகுறையாகத்தான் இருக்கும்.


எழுத்துரு

தமிழில் தரவு ஏற்றப்போகிறீர்கள் என்பதால் சில விஷயம். பழைய ஷீட்டில் பாமினி மாதிரி யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்த பகுதி இருந்தால் ஏற்றுமுன் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் புதுக் கருவியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும், தேடினாலும் கிடைக்காது.

சிஎஸ்வியை எக்செல்லில் நேரடியாக இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் சிதைந்து வரலாம். தரவு மெனுவில் கோப்பிலிருந்து இறக்குமதி என்பதற்குப் போய், 65001 என்று இருக்கும் யுடிஎஃப்-8-ஐத் தேர்ந்தெடுத்தால் சரியாக வரும். திறமூலம் சொன்ன சோதனையைச் செய்யும்போது இதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், தரவு உள்ளே நன்றாகத்தான் இருக்கும்.

'கொ', 'கோ' போன்ற எழுத்துகளின் துணைக்குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக்கொம்பு அல்லது இரட்டைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், கணினிக்கு வேறு வேறு. எல்லாக் கருவியும் இதைச் சமன்செய்து தேடும் என்று நம்ப முடியாது. அகரவரிசையும் பல கருவிகளில் யூனிகோடு எண்படிதான் வரும்: ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, க-விலிருந்து கௌ வரை முடிந்த பிறகுதான் க்.


பின்னலாடை

அப்படியானால் டையிங், பிரிண்டிங் யூனிட்களின் பெயரைத் தமிழில் வைக்கலாமா, ஆங்கிலத்தில் வைக்கலாமா? துணி ஃபாலோ-அப் ஆட்களுக்குத் தமிழ்தான் வசதி.


எழுத்துரு

தமிழிலேயே வையுங்கள், ஆனால் யாரையும் கையால் அடிக்க விடாதீர்கள். யூனிட்களுக்குத் தனி அட்டவணை ஒன்று போட்டு, அதில் ஒரு குறியீட்டு எண், தமிழ்ப் பெயர், ஆங்கிலப் பெயர், ஜிஎஸ்டிஐஎன் என்று நான்கு நெடுவரிசை வையுங்கள். படிவத்தில் அந்தப் பட்டியலிலிருந்து தொட்டுத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். இணைப்பு குறியீட்டு எண்ணில் நடக்கட்டும், திரையில் தமிழ்ப் பெயர் தெரியட்டும், டிசியில் ஆங்கிலப் பெயர் அச்சாகட்டும். வரிசைப்படுத்துவதும் எண்ணில்தான். புது யூனிட்டைப் பட்டியலில் சேர்க்கும் உரிமை உங்கள் இரண்டு அமைப்பாளர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.